வண்டலூர் ஹெரால்டும் பொள்ளாச்சி பஸ்ஸும்: ஒரு பழைய வண்டிக் கிறுக்கனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. நான்கு கதவு வைத்த மார்க் 3. வெளியே எடுத்துப் போய் ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தினால், நான் இறங்குவதற்குள் இரண்டு பேராவது வந்துவிடுவார்கள். ஒருவர் "இது பழைய ஃபியட்டா சார்?" என்பார். இன்னொருவர், தலை நரைத்தவராக இருந்தால், பானட்டைத் தடவிக்கொண்டே "எங்க மாமா வெச்சிருந்தாரு" என்பார். கார், பஸ், பட்டறை என்று தமிழ்நாட்டு மோட்டார் வரலாற்றை நாற்பது வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கிறுக்கு உங்களுக்கு எப்போது பிடித்தது?

ஆறு வயதில். திருச்சி தில்லைநகரில் பெரியப்பா வீட்டில் ஒரு வெளிர்பச்சை ஹெரால்ட் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வருவார். வண்டியின் இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளைத் தட்டிவிட்டு, முன்பக்கம் மொத்தத்தையும் முன்னோக்கிச் சாய்ப்பார். மட்கார்டு, லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாகத் திறக்கும், முதலை வாயைப் பிளக்கிற மாதிரி. மற்ற வண்டிகளில் மெக்கானிக் குனிந்து தலையை உள்ளே விட வேண்டும். ஹெரால்டில் முன் டயர் மீதே உட்கார்ந்துகொள்ளலாம், இன்ஜின் மடியில் இருக்கும். என்னை ஒரு டயரில் உட்கார வைத்து எண்ணெய்த் துணியைக் கையில் கொடுப்பார். எதிர் டயரில் அவர் உட்கார்ந்து பாயிண்ட் செட்டை எமரி தாளால் தேய்ப்பார். எதற்கென்று எனக்குப் புரியாது. ஆனால் அந்தத் துணியை வேறு யாரிடமும் தர மாட்டேன்.

நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் வண்டியை விற்றுவிட்டார். அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் கொட்டகைகளுக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது வைத்திருக்கும் ஹெரால்ட் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது. முன் சீட்டில் கோழி அடை உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை பொறுக்கச் சொன்னார் வீட்டுக்கார அம்மா. பொறுத்தேன்.

ஹெரால்ட் இங்கிலாந்து கார் இல்லையா? தமிழ்நாட்டு வரலாறு என்கிறீர்களே?

பிறப்பு அங்கே, வளர்ப்பு இங்கே. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ஃப் கம்பெனி அதை 1959-ல் ட்ரயம்ஃப் ஹெரால்டாகக் கொண்டுவந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1940களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. முதலில் வான்கார்டு, பிறகு எய்ட், டென், பென்னன்ட் என்று ஒவ்வொன்றாகச் செய்து, 1961-ல் ஹெரால்டுக்கு வந்தார்கள். வண்டலூர் தொழிற்சாலையில்தான் எல்லாம்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் புது கார் வாங்கப் போனால் மூன்றே பெயர்கள்தான். வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாய் குர்லாவிலிருந்து ஃபியட், வண்டலூரிலிருந்து ஹெரால்ட். மூன்றில் ஒன்று நம்மூர்க்காரன் என்பது இன்றைக்குப் பல பேருக்குத் தெரியவில்லை.

இந்த வண்டி இங்கே செய்யத் தோதாக அமைந்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 1953-ல் அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக்காரரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லாததால், ட்ரயம்ஃப்காரர்கள் ஹெரால்டைத் துண்டு துண்டாகச் செய்து, தனி சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் போல்ட் போட்டு மாட்டும்படி வடிவமைத்தார்கள். மற்ற கார்கள் தனி சேசிஸை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. அங்கே வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு, தகடு அடிக்கும் பெரிய பிரஸ் இல்லாத நம்மூர்த் தொழிற்சாலைக்கு வசதியாகப் போயிற்று. கெடுதலும் உண்டு: அத்தனை இணைப்பிலும் ரப்பர், ரப்பர் காய்ந்தால் ஐப்பசி மழை நேராகக் காலுக்கு வரும். பெரியம்மா மழைக்காலத்தில் காலடியில் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்.

நம்மூர்க்காரர்கள் செய்த பெரிய மாற்றம் கதவு. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். பட்டுப்புடவையோடு முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏற எந்தப் பாட்டி சம்மதிப்பாள்? 1960களின் பிற்பகுதியில் மார்க் 3 நான்கு கதவோடு வந்தது. தொழிற்சாலையிலிருந்தே நான்கு கதவோடு வந்த ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான். இங்கிலாந்தில் இருக்கும் ஹெரால்ட் பிரியர்களிடம் என் வண்டியின் போட்டோவைக் காட்டினால் முதலில் கதவைத்தான் எண்ணுவார்கள்.

"ஸ்டாண்டர்ட்" என்று ஒரு பெயரா?

ஆரம்பத்தில் அதற்குத் "தரமான" என்றுதான் பொருள். காலப்போக்கில் இங்கிலாந்தில் "டீலக்ஸ்" என்றால் உசத்தி, "ஸ்டாண்டர்ட்" என்றால் சாதா என்றாகிவிட்டது. 1963-ல் அங்கே அந்தப் பெயரையே கைவிட்டார்கள். நம்மூரிலோ "ஸ்டாண்டர்டான ஆள்" என்றால் இன்றைக்கும் மரியாதை. அங்கே செத்த பெயர் வண்டலூரில் இன்னும் கால் நூற்றாண்டு ஓடியது.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

பல காரணம். இங்கிலாந்து ஹெரால்டுக்கு 1147 சிசி, 1296 சிசி என்று இன்ஜின் வளர்ந்துகொண்டே போயிற்று. இங்கே கடைசி வரை அதே 948 சிசி. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் உடம்பை மாற்றி கெஸல் என்று ஒன்றை விட்டார்கள். ஹெரால்டின் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனியாக ஏறி இறங்கும். வேகமாகத் திரும்பினால் உள்ளே மடங்கும் கெட்ட பழக்கம் அதற்கு உண்டு. கெஸலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்ஸிலைப் போட்டார்கள். நல்ல வண்டிதான், ஆனால் அப்போது கார் வாங்கவே ஆளில்லை. உற்பத்தி அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றது. ஸ்டாண்டர்ட் 20 என்ற வேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

1985-ல் ஒரு பெரிய சூதாட்டம். ரோவர் எஸ்டி1 என்ற அழகான பெரிய காரை ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் அதற்கு எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் வரை உண்டு. இங்கே போட்டதோ பழைய வான்கார்டின் வம்சத்தில் வந்த 1991 சிசி இன்ஜின். பட்டத்து யானைக்கு எருது வண்டி நுகத்தடி கட்டிய மாதிரி. மாருதி 800 வந்து, மைலேஜ் என்றால் என்ன என்று ஜனங்களுக்குப் புரிந்துவிட்ட சமயம் வேறு. 1988-ல் கார் உற்பத்தி நின்றது.

சின்ன காரிலேயே கவனம் வைத்து ஹெரால்டின் இன்ஜினைப் பெரிதாக்கியிருந்தால் பிழைத்திருப்பார்களோ என்று நினைப்பேன். பெரியப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். "அன்னிக்கு லைசென்ஸ் இல்லாம ஒரு ஸ்க்ரூவை மாத்த முடியுமாடா?"

மெட்ராஸின் முதல் கார் யாருடையது?

பாரி கம்பெனியின் ஏ. ஜே. யார்க் என்ற பெயரைச் சொல்வார்கள். ஆனால் எனக்குப் பிடித்த கதை முதல் பதிவெண்களுடையது. எம்.சி. 1 என்ற எண் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடைய காருக்கு. மெட்ராஸ் துறைமுகத்தின் தலைவர். அங்கே குமாஸ்தாவாக இருந்த கணிதமேதை ராமானுஜனுக்குப் பக்கபலமாக நின்றவர். மெட்ராஸில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர். அவருடையது பிரெஞ்சு தியோன் பூத்தோன், எண் எம்.சி. 3. ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்த சேத்துப்பட்டு வீடு இந்தச் செட்டியாருடையது. ஊரின் முதல் மூன்று எண்களில் இரண்டு, கணக்கு வாத்தியார்களின் கனவுநாயகனைத் தொட்டு நிற்கின்றன.

இறக்குமதி செய்ததை விட்டு, இங்கே கட்டியதைக் கேட்டால், அது சிம்ப்சன். 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவி காரைக் கட்டி மெட்ராஸ் சாலையில் ஓட்டிக் காட்டினார்.

அசோக் லேலண்ட் கார் செய்ததாமே, உண்மையா?

உண்மை. 1948-ல் ரகுநந்தன் சரண் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கியது ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டி விற்கத்தான். அசோக் என்பது அவருடைய மகன் பெயர். பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து லாரி பக்கம் போனார்கள், 1955-ல் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர் ஏ40 இன்றைக்கு அபூர்வம். எங்காவது பார்த்தால் தயவுசெய்து ஒரு போட்டோவாவது எடுங்கள்.

கார் வரலாறு என்றால் பணக்காரர் வரலாறுதானே?

கோபமாகவே கேட்பார்கள் இதை. நியாயம்தான். 1960களில்கூட ஒரு தெருவில் ஒரு கார் இருந்தால் அதிகம். கிராமத்தில் காரைப் "பிளசர்" என்றார்கள். உல்லாசத்துக்கு ஓட்டும் வண்டி, நமக்கானதில்லை என்று அந்தப் பெயரிலேயே இருக்கிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பிளசர் நிற்கத் தனிக் கொட்டகை கட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் கொட்டகைகளை நான் போய்ப் பார்ப்பதுண்டு. தரையில் எண்ணெய்க் கறை இருந்தால் அதுவே போதும் எனக்கு.

ஆனால் நம்மூரில் மோட்டாரை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது பஸ். அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதவே முடியாது. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் தொழிலில் இறங்கினார். மதுரையைச் சுற்றி ஓடிய டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று எங்கள் தாத்தா தலைமுறையில் எல்லோரும் சொல்வார்கள். மாட்டு லாடத்து ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டி ஒன்று சாலையைக் கூட்டிப்போகும் என்ற கதையும் அந்தப் பக்கம் பிரசித்தம்.

கொங்குப் பக்கம் ஜி. டி. நாயுடு. ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூர் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அதையே வாங்கி, பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டிப் பழகியவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். அது யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காத நாட்களில் இந்தப் பஸ்களை ஓட்டியது அடுப்புக்கரி. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி, பற்றவைத்து, காற்றை ஊதி, வருகிற வாயுவை இன்ஜினுக்கு அனுப்புவது. டி.வி.எஸ். இந்த உருளைகளைச் செய்து விற்றது. அந்தக் காலத்தில் கிளீனராக இருந்த ஒரு பெரியவரைத் திருப்பத்தூரில் சந்தித்தேன். காலை ஆறு மணி வண்டிக்கு ஐந்து மணிக்கே எழுந்து ஊதுகுழலைச் சுற்ற வேண்டுமாம். "பஸ்ஸுக்குப் பொங்க வைக்கிற மாதிரி தம்பி" என்றார். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடப்பார்கள், கூப்பிடவே வேண்டாமாம், பழகிவிட்டதாம்.

1972-ல் பஸ்கள் அரசுடைமை ஆயின. டி.வி.எஸ். வண்டிகள் பாண்டியன் ரோடுவேஸுக்குப் போயின. கோவைப் பக்கம் சேரன் வந்தது. என் வயதுக்காரர்களுக்குச் சேரன், சோழன், பாண்டியன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ராஜாக்கள் இல்லை. 1997-ல் அந்தப் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் தொழில் மட்டும் கரூரில் அன்றும் இன்றும் ஓயாமல் நடக்கிறது. ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். வெறும் சேசிஸை, பாடி இல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் எண்ணூரிலிருந்து ஓட்டி வந்து நிறுத்துவதிலிருந்து ஆரம்பிக்கும்.

சென்னைப் பக்கம் இவ்வளவு கார் கம்பெனி எப்படி வந்தது?

ஹூண்டாய் வந்ததால் என்று சொல்வார்கள். தலைகீழ். ஹூண்டாய் வருவதற்கு முப்பது, நாற்பது வருடம் முன்பே இங்கே உதிரிபாகம் செய்யும் கைகள் இருந்தன. செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ். பாடி என்ற ஊரில் 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா. திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். அதே ஊரில் டயருக்கு வந்தது. சக்கரம், பிஸ்டன், பிரேக், டைனமோ எல்லாம் இருபது கிலோமீட்டருக்குள் கிடைத்தால் கார் செய்கிறவன் எங்கே வருவான்?

என் ஹெரால்டின் டிஸ்டிரிபியூட்டரைத் துடைத்தால் அதில் லூகாஸ் டி.வி.எஸ். என்று இருக்கும். வண்டலூர் மூடிவிட்டாலும் பாடி இருக்கிறது.

புல்லட்?

அதே கதைதான், இன்னும் கொஞ்சம் சந்தோஷமான முடிவோடு. இந்திய ராணுவம் புல்லட் 350 கேட்டது, மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-ல் என்ஃபீல்டோடு சேர்ந்து கம்பெனி தொடங்கியது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-ல் கதவைச் சாத்தியது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆயிற்று. டீசலில் ஓடிய டாரஸ் புல்லட்டும் உண்டு. அதன் சத்தத்தைக் கேட்டால் கிணற்றுப் பம்புசெட் ரோட்டில் போகிறது என்றே நினைப்பீர்கள்.

சோழவரம் ரேஸ் பார்த்திருக்கிறீர்களா?

மூன்று முறை. சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் ரேஸ் நடத்தியது. கல்கத்தா, பம்பாயிலிருந்தெல்லாம் வருவார்கள். விஜய் மல்லையா ஃபார்முலா 1-ல் ஓடிய பழைய என்சைன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இறங்கும். ஆனால் நான் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது அதற்கில்லை. சாதாரண கார்களின் ரேஸில் ஒரு ஹெரால்ட் திருப்பத்தில் பின்சக்கரத்தை மடக்கிக்கொண்டு, நொண்டியடிப்பதுபோல் வந்து, ஒரு ஃபியட்டை முந்தியது. அதற்கு.

1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது. கோவைக்காரர் கரிவர்தன் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற சிறிய ரேஸ் காரைச் செய்து, பெரிய பணம் இல்லாத பையன்களும் ஓட்ட வழி செய்தார். 1995-ல் இலகு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையம் தடத்துக்கு அவர் பெயர்தான். ஃபார்முலா மாருதியில் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

பழைய வண்டி நடுரோட்டில் நின்றுவிடாதா?

நிற்பது பரவாயில்லை. படுத்துவிட்டதுண்டு.

ஹெரால்டின் முன்சக்கரத்துக்குக் கீழே ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். அதற்குள் மரையோடு ஒரு எஃகுத் தண்டு இறங்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் சுழலும். அதனால்தான் ஹெரால்ட் ஒரு சந்துக்குள் அப்படியே திரும்பிவிடுகிறது. 25 அடி வட்டம் போதும், ஆட்டோக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ட்ரன்னியனுக்கு 90-ம் நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் மரைக்குள் கீழே வரை இறங்காது, தண்ணீர் தங்கும், தண்டு உள்ளுக்குள் துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

வண்டி வாங்கிய முதல் வருடம் ஒரு பட்டறையில் சர்வீஸ் விட்டேன். கையேட்டைக் காட்டினேன். "கிரீஸ் அடிச்சா போதும் சார், எல்லா வண்டிக்கும் அதான்" என்றார்கள். எனக்கும் அப்போது வாதாடத் தெரியாது. எட்டு மாதம் கழித்து, விராலிமலை தாண்டி, ஒரு இளநீர்க் கடைக்காக ஓரம் கட்டி ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டியின் இடது முன்பக்கம், மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்குமே, அப்படி உட்கார்ந்தது. சக்கரம் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. பத்து நிமிடம் முன்னால் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். "உள்ளுக்குள்ள போயிருச்சு சார்" என்றார், டாக்டர் சொல்வதுபோல்.

உடைந்த தண்டை இன்னும் மேசைமேல் வைத்திருக்கிறேன். முறிந்த இடத்தில் முக்கால் பங்கு செம்பழுப்பு, கால் பங்குதான் பளபளப்பு. அந்தக் கால் பங்கு என்னை எட்டு மாதம் சுமந்திருக்கிறது. இப்போதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானே படுத்து ஆயில் விடுகிறேன்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

சென்னை புதுப்பேட்டை. காயலான் கடைகளில் பொறுமையாகத் துருவினால் எல்லாம் உண்டு. ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், உடைந்ததைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு கடையில் பாய் ஒருவர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தே "இது பென்னன்ட் சார், ஹெரால்டுக்குச் சேராது" என்று திருப்பிக் கொடுத்தார். சரியாகத்தான் இருந்தது. புதுச் சரக்குக்கு ஜி.பி. ரோடு. கோவையில் உக்கடம். கிடைக்காதது லேத் பட்டறையில் பிறக்கும். ரப்பர் பீடிங்கை மட்டும் நான் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ஐப்பசி வருகிறதே.

பதிவெண், ஆர்.சி. எல்லாம் தொல்லையாமே?

முன்பைவிடத் தெளிவு. 2021-ல் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பழைய பதிவு இருந்தால் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வகையில் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. தினமும் ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் பதிவிலேயே ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்வதே நல்லது. நான் அப்படித்தான்.

பழைய எண் என்றால் 1989 ஜூலைக்கு முந்தையது, டி.என். 01 என்ற முறை வருவதற்கு முன்னால் இருந்த மூன்றெழுத்து எண். எம்.ஜி.ஆரின் அம்பாசிடர் டி.எம்.எக்ஸ். 4777 என்று இன்றைக்கும் பெட்டிக்கடைக்காரர் சொல்வார். வண்டியை விற்றாலும் அந்தப் பழைய எண்ணை மாற்ற விடாதீர்கள்.

நானும் இந்த வரலாற்றைத் தேட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

உங்கள் வீட்டுப் பீரோவில். பழைய ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் தாள், கல்யாண ஆல்பம். மாப்பிள்ளை அழைப்புக் காரை யாரும் பார்ப்பதில்லை, எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் எண் பலகையைப் பார்ப்பேன். அடுத்தது சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் கதையை விட்டுவிட்டு விளம்பரங்களைப் புரட்டுங்கள். டயர், பாட்டரி, பஸ் சர்வீஸ் என்று ஊர்ஊராக வரும்.

ஒரு எச்சரிக்கை. "இது ராமநாதபுரம் ராஜா ஓட்டிய கார்", "இது அந்த நடிகருடையது" என்று தரகர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். சேசிஸ் எண்ணைத் தேய்த்துப் பாருங்கள், ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், முதல் உரிமையாளர் பெயரைப் படியுங்கள். எனக்கு ஒருவர் "ஜமீன் கார்" என்று காட்டிய வான்கார்டின் முதல் உரிமையாளர் ஒரு கூட்டுறவுச் சங்கம். எனக்கு ஜமீனைவிட அது சுவாரசியமாக இருந்தது. யார் யார் ஏறியிருப்பார்கள்!

நேரில் பார்க்க இடம் உண்டா?

கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியம். குழந்தைகளோடு அரை நாள் ஒதுக்குங்கள். சென்னை வடபழனியில் ஏவி.எம். ஸ்டுடியோவில் பழைய கார்களுக்கென்று காட்சிக்கூடம் இருக்கிறது. இரண்டிலும் வண்டிகள் பளபளவென்று இருக்கும். எனக்குக் கொஞ்சம் அழுக்கு பிடிக்கும், அது என் குறை.

இன்றைக்கு ஓடும் வண்டிகளில் எதைப் பத்திரப்படுத்த வேண்டும்?

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் வந்த முதல் சான்ட்ரோ. திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சர். மறைமலைநகர் ஃபோர்டு ஐகான், முக்கியமாக அது. 1999-ல் ஐகான் வந்தபோது நான் வாங்க வழியில்லாமல் ஷோரூம் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். 2022-ல் ஃபோர்டு அங்கே காரை நிறுத்தியது. வண்டலூரிலிருந்து மறைமலைநகர் எவ்வளவு தூரம், அதே ஜி.எஸ்.டி. ரோடுதான். இப்போது ஐகான்கள் எடைக்குப் போகின்றன. 1985-ல் ஹெரால்டுகளும் எடைக்குத்தான் போயின.

உங்கள் ஹெரால்டை விற்பீர்களா?

மாட்டேன். வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார்.

இப்போது என்ன தேடிக்கொண்டிருக்கிறீர்கள்?

பெரியப்பாவின் பச்சை ஹெரால்டை. கரூரில் ஒரு போர்வை வியாபாரிக்கு விற்றதாகச் சொன்னார், பெயரை மறந்துவிட்டார். பின்கதவுக் கண்ணாடியில் இடதுபக்கம் ஒரு கீறல் இருக்கும், நான் ஆறு வயதில் பம்பர ஆணியால் போட்டது. கண்ணாடியை மாற்றியிருக்கலாம். இருந்தாலும் கரூரில் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் போகும்போதெல்லாம் பின்னால் புதருக்குள் கிடக்கும் வண்டிகளின் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.